கோழிக்கு ஓட்டு இல்லை

ஆர்லிஸ் டெஸ்டால் என்பவள் பொய் சொல்லிவிட்டாள் என்று ஓரன்வில் ஊரில் பாதிப் பேர் செவ்வாய்க்கிழமை நம்பினார்கள். மீதிப் பாதி வியாழக்கிழமை நம்பியது. நடுவில் புதன்கிழமை ஒரு நாள் அவளுக்கு ஓய்வு கிடைத்தது.

அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில், வடக்கே, சோளக்காட்டுக்கு நடுவே போகும் நெடுஞ்சாலையின் ஓரத்தில் இருக்கிறது அவள் சிற்றுண்டிக் கடை. பத்தொன்பது வருடமாக நடத்துகிறாள். விடிந்ததும் ஜன்னலோர வட்ட மேசைக்கு ஒன்பது ஆண்கள் வந்துவிடுவார்கள். அந்த மேசைக்குப் பொய்யர் மேசை என்று பெயர், வைத்தவர்கள் அவர்களேதான். தோல் குவளையில் பகடையைக் குலுக்கிப் போட்டு, குறைந்த எண் விழுந்தவன் ஒன்பது பேரின் காப்பிக்கும் காசு கொடுக்க வேண்டும். குடித்த பிறகு உலகத்தைச் சீர்திருத்துவார்கள்.

மேசைக்கு ஆர்லிஸ் போட்ட சட்டம் இரண்டு. ஒன்று, பாலாடைக்கட்டி அலமாரிக்கு மேலே இருக்கும் டிவிக்குச் சத்தம் கிடையாது. கீழே ஓடும் எழுத்தைப் படித்துக்கொள்ளலாம். இரண்டு, எந்த ஜனாதிபதியின் பெயரையும் சொல்லக் கூடாது. பெயரைச் சொன்னதில் ஒருமுறை சிரப் குடுவை உடைந்தது. அன்றிலிருந்து போனவர் 'முன்னவர்', இருப்பவர் 'இவர்'. முன்னவருக்கு வக்கீல் கேலன் ஹூக்செமா, பள்ளியில் முப்பது வருடம் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவர். இவருக்கு வக்கீல் வெர்லின் புரூன், டிராக்டர் வியாபாரி. மற்ற ஏழு பேரும் இந்த இருவருக்கும் தலையாட்டப் பிறந்தவர்கள்.

வம்பு தொடங்கியது விலைப்பட்டியலில். ஆர்லிஸ் புது அட்டை அடிப்பதில்லை. விலை மாறினால் வட்டமான வெள்ளைச் சீட்டில் எழுதி, பழைய விலையின் மேல் ஒட்டிவிடுவாள். ஓரத்தில் பொடி எழுத்தில் மாதமும் வருடமும் போடுவாள். மூன்றாம் எண் தட்டு, அதாவது இரண்டு முட்டை, பன்றி வறுவல், ரொட்டி, அதன் விலைக்கு மேல் ஐந்து சீட்டுகள் ஏறி, மரு மாதிரி புடைத்து நின்றது. கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே மூன்றாம் எண் எதுவென்று தெரியும்.

தேர்தல் வாசம் அடித்தால் டிவிக்காரர்களுக்கு முட்டை மேல் ஆசை வந்துவிடும். 'சாமானிய மனிதன்' என்ற ஜந்து சிற்றுண்டிக் கடைகளில் மட்டுமே மேய்வதாக யாரோ அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த வாரம் இரண்டு கூட்டம் வந்தது. முதலில் கழுகுப் படம் போட்ட சேனல், அது இவருடைய துதிபாடி. அடுத்து தீப்பந்தம் போட்ட சேனல், அது முன்னவருக்காக இன்னும் ஒப்பாரி வைப்பது. இரண்டும் ஒரே கேள்வியைக் கேட்டன: யார் ஆட்சியில் பொருளாதாரம் நன்றாக இருந்தது?

ஆர்லிஸ் இரண்டு பேருக்கும் ஒரே பதிலைச் சொன்னாள். சீட்டுகளை ஒவ்வொன்றாக உரித்துக் காட்டிக்கொண்டே சொன்னாள்.

"முன்னவர் காலத்துல மூணு தடவை ஏத்தினேன். கேஸ் விலை, லாரிக் கூலி, சமையல்காரம்மா சம்பளம். இவர் வந்தப்புறம் ஒரு தடவை ஏத்தினேன், ஒரு தடவை எறக்கினேன். ஏத்துனது கோழிக்கு நோய் வந்ததால. எறக்குனது நோய் நின்னதால. கோழிக்கு ஓட்டு இல்ல. இவங்க ரெண்டு பேர்ல யாரும் முட்டையும் போடல. மத்ததுல யார் கை எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது. தெரியும்னு அடிச்சுச் சொல்றவன நான் நம்ப மாட்டேன்."

கேட்டவர்கள் இருவரும் பலமாகத் தலையாட்டினார்கள். 'அற்புதம்' என்றார்கள்.

செவ்வாய்க்கிழமை கழுகில் வந்தது: "முன்னவர் காலத்துல மூணு தடவை ஏத்தினேன். இவர் வந்தப்புறம் எறக்கினேன்." நடுவில் ஒரு பன்றி வறுவல் சட்டியில் பொரிகிற படத்தை வைத்து ஒட்டுப்போட்டிருந்தார்கள். பின்னால் எக்காளம். கீழே பெரிய எழுத்தில், 'உழைக்கும் பெண் உண்மையை உடைக்கிறார்'.

மறுநிமிடம் போல கேலன் வந்து நின்றார். தொப்பியைக் கழற்றவில்லை.

"வாத்தியாரே, உக்காருங்க. காப்பி கொண்டாரேன்."

"உன்னை நான் நேர்மையானவள்னு நெனச்சேன் ஆர்லிஸ்."

"நான் சொன்னதுல பாதிய வெட்டிட்டாங்க."

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. உன் வாயி, உன் குரல். அவங்க என்ன, உன் நாக்கையா வாடகைக்கு எடுத்தாங்க?"

"நீங்க அன்னிக்கு அந்த மேசையிலதான உக்காந்திருந்தீங்க? நான் பேசினது உங்க காதுல விழலையா?"

"நான் அப்ப வெர்லினுக்குப் பதில் சொல்லிட்டு இருந்தேன்" என்றார் கேலன், அது ஒரு பெருமை போல. போய்விட்டார். தலையாட்டிகளில் நாலு பேர் பின்னாலேயே போனார்கள்.

அன்று வெர்லின் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். பகடையில் தோற்று, காசும் சந்தோஷமாகக் கொடுத்தார். "உண்மைய ஒருநாள் சொல்லித்தான ஆகணும், ஆர்லிஸ்?" என்று கண்ணடித்தார். வெட்டிவிட்டார்கள் என்று அவரிடமும் சொன்னாள். வெற்றி பெற்றவனுக்குக் காது எதற்கு?

வியாழக்கிழமை தீப்பந்தத்தில் வந்தது. மேல் சீட்டை உரித்துக் கையில் வைத்திருந்த கணத்தில், அடியிலிருந்த பதினொன்றரை டாலரைக் கேமரா முகத்தோடு முகம் வைத்துக் காட்டியது. "இவர் வந்தப்புறம் ஏத்தினேன்" என்றது ஆர்லிஸின் குரல். பின்னால் சோகமாக ஒரு பியானோ. அவள் கையில் இருந்த பத்தே முக்கால், அதாவது அன்றைய விலை, படத்துக்கு வெளியே போய்விட்டது.

வெர்லின் வந்து உட்காரக்கூட இல்லை.

"காசு எவ்வளவு குடுத்தாங்க?" என்றார்.

"யாரு?"

"செவ்வாக்கிழமை ஒண்ணு, வியாழக்கிழமை ஒண்ணு. நாக்குல எலும்பு இல்லன்னா இப்படியா?"

"வெர்லின், கேளு. ரெண்டு நாளும் நான் ஒண்ணத்தான் சொன்னேன்."

"அப்ப ரெண்டு டிவியும் பொய் சொல்லுதுங்கிற?"

"ஆமா!"

"என் டிவி பொய் சொல்லாது" என்று சொல்லிவிட்டு அவரும் கிளம்பினார்.

மேசை காலியாயிற்று. ஓரன்வில்லில் காப்பி கிடைக்கும் இன்னொரு இடம் பெட்ரோல் பங்கு ஒன்றுதான். அங்கே ஒன்பது பேரும், காகிதக் கோப்பையில் வெந்நீருக்கு உறவான ஒன்றை ஏந்திக்கொண்டு, நாலும் ஒன்றும் இந்தக் கோடியில், மூன்றும் ஒன்றும் அந்தக் கோடியில், நின்றபடி குடித்தார்கள். நடுவில் சூடான கம்பி உருளைகளின் மேல் பன்றி இறைச்சிக் குழல்கள் சுழன்றுகொண்டிருந்தன. இணையத்தில் ஆர்லிஸின் கடைக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டுத் திட்டியவர்கள் இருநூறு பேர். அதில் பலர் ஃபுளோரிடாவில் இருந்தார்கள். அவள் முட்டை அத்தனை தூரம் நாறியிருக்கிறது.

ஆர்லிஸுக்கு வியாபாரம் போனது ஒரு பக்கம். பத்தொன்பது வருடத்தில் ஒரு தட்டுக்கு எழுதிய விலைக்கு மேல் ஒரு சென்ட் வாங்காதவள். சீட்டில் மாதம் வருடம் போட்டு வைத்திருப்பவள். அவளை அவள் ஊரே இரட்டை நாக்கு என்கிறது. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: முழுசாகச் சொன்னதை இந்த ஊர் ஒரு தரம் முழுசாகக் கேட்க வேண்டும்.

கழுகுக்கும் போன் போட்டாள், தீப்பந்தத்துக்கும் போட்டாள். இரண்டு இடத்திலும் நாற்பது நிமிடம் பாட்டுப் போட்டார்கள். பிறகு வந்த இரண்டு இளங்குரல்களும் ஒரே பாடத்தை ஒப்பித்தன. "மேடம், நாங்க ஒரு வார்த்தைகூடச் சேர்க்கல. ஒளிபரப்புனது எல்லாமே உங்க வார்த்தைதான்."

"தம்பி, நான் உனக்கு ரெக்கைய மட்டும் கொடுத்துட்டு முழுக் கோழின்னு பில்லு போட்டா என்ன சொல்லுவ? அதுவும் எல்லாமே கோழிதான?"

"உங்க கருத்துக்கு நன்றி மேடம்."

சமையலறை ஜன்னல் வழியே ரோசால்பா எட்டிப் பார்த்தாள். பதினொரு வருடமாக அந்த அடுப்பு அவளுடையது. "ஆர்லிஸ், எங்க நாட்டுல ஒரு ஜனாதிபதி இருந்தான். அவன் பேச்ச டிவில ஒரு வார்த்தை விடாம முழுசாப் போடுவாங்க, மூணு மணி நேரம். வெட்டுறது எவ்வளவோ தேவல."

"என்னை மூணு நிமிஷம் விட்டா போதும்டி."

அந்த மூன்று நிமிடம் தானாகவே வந்து கதவைத் தட்டியது. தராசுப் படம் போட்ட சேனல். இடமும் இல்லை, வலமும் இல்லை, நாங்கள் நடு என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தனக்குத் தானே சான்றிதழ் வழங்கிக்கொள்வது. அதன் காலை நிகழ்ச்சியை நடத்தும் கிரேடன் பெல் நேரடியாகப் பேசினார். "உங்களுக்கு அநியாயம் நடந்திருக்கு, ஆர்லிஸ். நாங்க ரெண்டு பக்கமும் கேக்கிறவங்க."

"நேரலைன்னா வரேன். நேரலைய வெட்ட முடியாதுல்ல?"

"நிச்சயமா முடியாது."

வாசலில் எழுதி ஒட்டினாள்: 'வரும் வியாழன் காலை ஏழு மணி. டிவி நேரலை. பொய்யர்கள் அனைவரும் வரவும்.' வந்தார்கள். அவளைக் கேட்க அல்ல. டிவியில் முகம் தெரிய. ஒன்பது பேரும் சவரம் செய்து, திருவிழாவுக்குப் போடும் தொப்பியோடு, ஒருவரை ஒருவர் பார்க்காமல், பழைய மேசையில் பழைய நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள்.

கிரேடன் பெல் உழவன் வேடத்தில் வந்திருந்தார். கட்டம்போட்ட சட்டையில் பெட்டியில் மடித்த மடிப்பு அப்படியே இருந்தது. பூட்ஸ் இதுவரை சேறு என்ற பொருளைக் கேள்விப்பட்டதே இல்லை. 'உண்மையான அமெரிக்காவின் நடுவில் நிற்கிறேன்' என்று கண்ணாடிக்கு முன் நான்கு தரம் சொல்லிப் பழகினார். உண்மையான அமெரிக்கா கொஞ்சம் இருட்டாக இருந்ததால் விளக்குப் போட்டார்கள். அலமாரியை நகர்த்தினார்கள். ஒன்பது பேருக்கும் முன்னால் அப்பமும் முட்டையும் வைக்கச் சொல்லி, படம் முடியும்வரை சாப்பிடக் கூடாது என்றார்கள்.

"டிவிய அணைச்சிடலாமா?" என்றான் கேமராக்காரன்.

"எங்க மூஞ்சிய நாங்க பாக்க வேண்டாமா?" என்றார் வெர்லின். முதல் முறையாகக் கேலன் அதை ஆமோதித்தார். டிவி சத்தமில்லாமல், எழுத்தோடு, ஓடட்டும் என்று விட்டார்கள். அது ஆர்லிஸின் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

சிவப்பு விளக்கு எரிந்தது.

"ஆர்லிஸ், ஒரே வார்த்தையில சொல்லுங்க. முன்னவரா, இப்ப இருக்கிறவரா?"

"ஒரு வார்த்தையில சொல்ல முடிஞ்சா நான் ஏன் இத்தனை சீட்டு ஒட்டியிருக்கேன்?" அட்டையைத் தூக்கிப் பிடித்தாள். "இது மூணாம் நம்பர் தட்டு. மேல இருக்கிறது பத்தே முக்கால். இவர் காலம். இதுக்கு அடியில பதினொன்றரை. பாருங்க, இதுவும் இவர் காலம். கோழிப் பண்ணைக்கெல்லாம் நோய் வந்து கோடிக்கணக்குல கொன்னு புதைச்சாங்க. இங்கேருந்து ஆறு மைல்ல ஒரு பண்ணை, போன வசந்தத்துல ஒரு கோழி இல்ல. அதுக்கு அடியில…"

அவள் மூன்றாவது சீட்டை உரித்தாள். நான்காவதையும் உரித்தாள். கேஸ் விலையைச் சொன்னாள், லாரிக் கூலியைச் சொன்னாள். தான் அன்று சொன்னதை ஒரு எழுத்து குறையாமல் வரிசையாகச் சொல்லி வந்தாள். சொல்லிக்கொண்டே மேசையைப் பார்த்தாள்.

ஒன்பது பேரும் அவளைப் பார்க்கவில்லை. அவள் தலைக்கு மேலே பார்த்தார்கள். வெர்லினின் வாய் கொஞ்சம் திறந்தது. கேலன் வகுப்பில் நின்று படிப்பதைப் போல உதட்டை அசைத்துப் படித்தார். பிறகு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

ஆர்லிஸ் திரும்பினாள்.

திரையின் மூலையில், தபால்தலை அளவுக்கு ஒரு பெட்டியில், அவள் இருந்தாள். வாய் அசைந்தது. மீதித் திரை முழுவதையும் கழுத்துப்பட்டை கட்டிய இரண்டு பேர் அடைத்திருந்தார்கள். நடுநிலை என்பதால் பக்கத்துக்கு ஒருவர். அவள் வாய்க்கு நேர் கீழே எழுத்து ஓடியது: 'இந்த எளிய பெண்மணி சொல்ல முயல்வது என்னவென்றால், இன்றைய தலைமையின் மீது அவருக்கு நம்பிக்கை…' அடுத்தவர் குறுக்கிட்டார்: 'இல்லை, அவர் குரலில் இருப்பது முந்தைய ஆட்சிக்கான ஏக்கம்…' காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தால், எந்தக் காக்கைக்கு மாலை போடுவது என்று இரண்டு பேரும் அடித்துக்கொண்டார்கள். மரத்தைப் பற்றிச் சொல்ல வந்தவளின் வாயை மூடிவிட்டார்கள்.

"ஏய்!" என்று கத்தினார் வெர்லின். "அவ பேசிட்டு இருக்கா! அவ சொல்றது அது இல்ல!"

"கோழியப் பத்திப் பேசறாப்பா! கோழி!" கேலன் திரையைப் பார்த்து விரலை நீட்டினார். "நம்பிக்கையாம், ஏக்கமாம். எவன்டா உனக்குச் சொன்னது?"

சிவப்பு விளக்கு எப்போதோ அணைந்திருந்தது. கிரேடன் சட்டையிலிருந்து மைக்கைக் கழற்றிக்கொண்டிருந்தார். "பிரமாதம். ரொம்ப நேர்மையா வந்துச்சு."

"நான் முடிக்கல" என்றாள் ஆர்லிஸ்.

"நேரம் முடிஞ்சிடுச்சு மேடம்."

"வெட்ட முடியாதுன்னீங்க."

"நாங்க எங்க வெட்டுனோம்? விளக்கம் கொடுத்தோம்."

"எட்டாவது வரைக்கும் படிச்ச கோழிப் பண்ணைக்காரனுக்கும் புரியிற மாதிரித்தான நான் பேசினேன்? அதுக்கு எதுக்குய்யா விளக்கம்? நான் இங்க நிக்கிறேன். உயிரோட நிக்கிறேன். தமுக்கடிக்க உங்களுக்கு ஒரு மூஞ்சி வேணும், அதுக்கு என் மூஞ்சி. அவ்வளவுதான?"

கிரேடன் பெல் புன்னகைத்தார். கேமரா இல்லாதபோது அந்தப் புன்னகைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போயிற்று. பத்து நிமிடத்தில் விளக்கு, கம்பி, உண்மையான அமெரிக்கா எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு வண்டி கிளம்பிவிட்டது. அலமாரியை மட்டும் பழைய இடத்தில் வைக்கவில்லை.

அது போனதும் மேசை ஒன்றாகக் கொதித்தது. "என்ன அயோக்கியத்தனம்!" "வழக்குப் போடணும்!" "நீ கவலைப்படாத ஆர்லிஸ், நாங்க இருக்கோம்." வெர்லின் கேலனின் தோளைத் தட்டினார். கேலன் பகடைக் குவளையை எடுத்து மேசை நடுவில் வைத்தார். எல்லாம் சரியாகிவிட்டது என்று அதற்குப் பொருள்.

ஆர்லிஸ் குவளையை எடுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"அவனுங்க கெடக்கட்டும். அவனுங்க எங்கேயோ இருக்கிறவனுங்க, என் பேரையே சீட்டுல எழுதி வச்சுத்தான் படிச்சானுங்க. நீங்க? பத்தொன்பது வருஷம். உங்க பொண்டாட்டி செத்தப்ப, வாத்தியாரே, நாப்பது நாள் சாப்பாடு இங்கேருந்துதான் வந்துச்சு. வெர்லின், உனக்கு ரத்தக் கொதிப்புன்னு உப்பில்லாம ரோசால்பா தனியா வறுக்கிறா. பத்தடி தூரத்துல நின்னு நான் சொன்னேன், 'வெட்டிட்டாங்க'ன்னு. ஒருத்தன், ஒரே ஒருத்தன், 'சரி, முழுசாச் சொல்லு'ன்னு கேட்டீங்களா?"

ஆறிப்போன அப்பத்தை ஒருவர் முள்கரண்டியால் குத்தினார்.

"நாங்க…" என்று தொடங்கினார் கேலன்.

"நீங்க டிவியப் பாத்துட்டு என் வாயச் சந்தேகப்பட்டீங்க. இன்னிக்கும் டிவியப் பாத்துத்தான் என்னை நம்புறீங்க."

இதற்கு வெர்லின் தலையைக் குனிந்துகொண்டார். அது அவருக்குப் பழக்கமில்லாத வேலை.

ஆர்லிஸ் வேறொரு அட்டையை எடுத்து மேசையில் போட்டாள். அதில் ஐந்து சீட்டும் அப்படியே இருந்தன. "உரிங்க. வெர்லின், இவர் காலத்துல ஏறுனத நீ படி. வாத்தியாரு முன்னவர் காலத்துல ஏறுனதப் படிக்கட்டும். சத்தமா."

வெர்லின் மேல் சீட்டைச் சட்டென்று உரித்தார், பத்தே முக்கால். அடுத்ததில் நகம் நின்றது. "பதினொன்றரை" என்றார், மருந்து குடிப்பவர் போல. "போன… போன மார்ச்." அட்டையைத் தள்ளினார். கேலன் கண்ணாடியைத் துடைத்தார், வெளிச்சத்துக்குக் காட்டினார், மறுபடி துடைத்தார். "ஒன்பது தொண்ணூத்தஞ்சு." உரித்தார். "எட்டரை." உரித்தார். "ஆறே முக்கால்." கடைசியில் அட்டையில் அச்சடித்த விலை வந்தது. அது முன்னவருக்கும் முந்தையவருடைய காலம். அந்த மனிதருக்கு மேசையில் வக்கீல் யாரும் இல்லை.

"இப்ப நான் சொல்றேன்" என்றாள் ஆர்லிஸ். சொன்னாள். கோழி, கேஸ், லாரி, சம்பளம், தெரிந்தது, தெரியாதது. மொத்தம் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. யாரும் குறுக்கே பேசவில்லை. ஜன்னலில் முழங்கை ஊன்றி ரோசால்பாவும் கேட்டாள்.

முடித்துவிட்டு, கல்லாப் பெட்டியிலிருந்து வெள்ளைச் சீட்டை எடுத்தாள். ஏதோ எழுதினாள். ஓரத்தில் மாதமும் வருடமும் போட்டாள். காப்பி என்ற இடத்தில் ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள்.

வெர்லின் எட்டிப் பார்த்தார். "ரெண்டாவது கோப்பைக்கு அம்பது சென்ட்டா? பத்தொன்பது வருஷமா சும்மாதான தந்த?"

"இனிமே இல்ல."

"இது யாரால ஏறுச்சுன்னு போடறது?" என்றார் கேலன் மெதுவாக. பழைய பழக்கம்.

"என்னால. காரணம் கோபம். வேணும்னா கீழ எழுதிக்குங்க."

குவளையைத் திருப்பி மேசையில் வைத்துவிட்டு, அலமாரியைத் தள்ளப் போனாள். அது கனமாக இருந்தது. முதலில் கேலன் எழுந்தார், பிறகு வெர்லின். மூவருமாக அதைப் பழைய இடத்துக்குத் தள்ளினார்கள். பின்னால் யாரோ பகடையைக் குலுக்கும் சத்தம் கேட்டது. முதல் கோப்பை முடிந்ததும் கேலன் கோப்பையை நீட்டினார்; கூடவே மறு கையில் இரண்டு கால் டாலர் காசும் இருந்தது.

ஆர்லிஸ் ஊற்றினாள். காசையும் வாங்கிக்கொண்டாள்.